அறுபத்திரண்டு தோல்விகளும் ஒரு குத்தகையும்

2008 மார்ச் 16 அன்று டென்வரில் நடந்த ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் முடிவு 168-116. தோற்ற அணி சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆட்டம் ஒன்றுக்கு 48 நிமிடம். 52 புள்ளிகள் குறைவு என்றால், நிமிடத்துக்கு ஒரு புள்ளிக்கும் மேலாக ஆட்டம் முழுக்கப் பின்தங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகத்தில் யாரும் இதைச் சொல்லிக் கேலி செய்யவில்லை. கேலி செய்வதற்கும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்க வேண்டும்.

அந்தச் சீசனில் சானிக்ஸ் ஆடியது 82 ஆட்டம். வென்றது 20, தோற்றது 62. 1967-இல் தொடங்கிய அணிக்கு அதைவிட மோசமான ஆண்டு அதற்குமுன் வாய்த்ததில்லை, அதற்குப்பின் ஓர் ஆண்டே வாய்க்கவில்லை. அடுத்த சீசன் தொடங்கியபோது அந்த ஆட்டக்காரர்கள் ஓக்லஹோமா சிட்டியில், தண்டர் என்ற வேறு பெயரில், வேறு நிறச் சட்டையில் ஆடினார்கள்.

நான் அப்போது சியாட்டிலை அடுத்த ரெட்மண்டில் மென்பொருள் வேலையில் இருந்தேன். அந்த ஊரில் வேலை பார்க்கும் பல இந்தியர்களைப்போல எனக்கும் விளையாட்டு என்றால் கிரிக்கெட்தான். சானிக்ஸ் பழக்கமானது அலுவலக நண்பர்கள் வழியாக. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சீசன் மனத்தை விட்டுப் போகாததற்குக் காரணம் விளையாட்டு அல்ல. ஓர் அணி தோற்பதால் எத்தனை பேருக்கு எத்தனை விதமான லாபம் இருக்க முடியும் என்பதை அந்த ஓராண்டில்தான் பார்த்தேன். உரிமையாளருக்கு லாபம். பொது மேலாளருக்கு லாபம். அணியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களுக்குக்கூட ஒரு வகையில் லாபம். நட்டப்பட்டவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும்.

அணியின் பெயர் போயிங் நிறுவனம் கட்டவிருந்த ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானத்திலிருந்து வந்தது. அந்த விமானத் திட்டம் 1971-இல் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் கூடைப்பந்தில் பறந்துகொண்டிருந்தது. 1979-இல் லென்னி வில்கென்ஸின் பயிற்சியில் வாஷிங்டன் புல்லட்ஸை வீழ்த்திக் கோப்பை வென்றார்கள். 1996-இல் கேரி பேட்டனும் ஷான் கெம்ப்பும் ஆடிய அணி 64 வெற்றிகளோடு இறுதித் தொடருக்குப் போய், மைக்கேல் ஜோர்டனின் சிகாகோவிடம் தோற்றது. சியாட்டிலில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் பேட்டன், கெம்ப் என்ற இரண்டு பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் வாய் திறக்க வேண்டியிராது.

கதையின் வில்லனாக எல்லோரும் சொல்வது, அணியை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோன உரிமையாளர் கிளே பென்னட்டை. எனக்கு அந்தப் பட்டியலில் முதலில் வருபவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ். ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை நிறுவனத்தின் அன்றைய தலைவர், ஊரின் செல்லப்பிள்ளை. அவர் தலைமையிலான குழு 2001-இல் 20 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. ஊர்க்காரர் கையில் அணி வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அணியோடு ஒரு குத்தகையும் சேர்ந்து வந்தது.

கீ அரீனா என்ற அந்த அரங்கம் 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. 1990-களின் நடுவில் நகராட்சி கடன் வாங்கி அதன் கூரையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதையும் புதிதாகக் கட்டியது. அந்தக் கடனை அரங்க வருமானத்திலிருந்து அடைப்பது என்று ஏற்பாடு. குத்தகை 2010 வரை. 1995-இல் திறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்பிஏவின் பணக் கணக்கு மாறியது. பெரு நிறுவனங்களுக்கு விற்கும் சொகுசு அறைகள், உள்ளேயே பெரிய உணவகங்கள், நடைபாதையெங்கும் கடைகள் என்று புதிய அரங்கங்கள் எழும்பின. லீகிலேயே சிறிய அரங்கமான கீ அரீனாவில் அதற்கெல்லாம் இடமில்லை. இருந்த வருமானத்திலும் நகராட்சிக்குப் பங்கு. ஷுல்ட்ஸின் குழு ஆண்டுதோறும் நட்டக் கணக்குக் காட்டியது. அரங்கத்தை விரிவாக்க 22 கோடி டாலர் பொதுப்பணம் வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்திடம் போனார். சட்டமன்றம் மறுத்தது.

மறுத்ததற்கு நியாயம் இருந்தது. பேஸ்பால் அரங்கத்துக்கான வரியை 1995-இல் வாக்காளர்கள் நூலிழையில் நிராகரித்த பிறகும், சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி வேறு வழியில் பணம் ஒதுக்கியிருந்தது. அமெரிக்கக் கால்பந்துக்கு இன்னொரு புதிய அரங்கம். அந்த இரு விளையாட்டுகளும் முன்பு நடந்த கிங்டோம் என்ற காங்கிரீட் கூடாரத்தை 2000-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தகர்த்த கட்டடத்துக்கான கடனை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் மக்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில் ஒரு காப்பிக்கடைக் கோடீஸ்வரர் மூன்றாவதாக வந்து கைநீட்டினால் என்ன கிடைக்கும்? நகர மன்ற உறுப்பினர் நிக் லிகாட்டா, அணி போனால் ஊரின் பண்பாட்டுக்கு நேரும் இழப்பு ஏறத்தாழப் பூஜ்யம் என்று சொன்னார். பின்னர் அதற்காக வருந்தினார் என்பது வேறு விஷயம். 2006 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர், நகராட்சிக்கு நியாயமான வருவாய் திரும்பி வராத வரை தொழில்முறை அணிகளுக்குப் பொதுப்பணம் தரக் கூடாது என்ற சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எனக்கு அங்கே வாக்குரிமை இல்லை. இருந்திருந்தால் நானும் அப்படித்தான் வாக்களித்திருப்பேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

அந்த வாக்கெடுப்புக்கு முன்பே, 2006 ஜூலையில், ஷுல்ட்ஸ் அணியை விற்றுவிட்டார். விலை 35 கோடி டாலர். வாங்கியவர்கள் கிளே பென்னட்டின் தலைமையில் ஓக்லஹோமா சிட்டித் தொழிலதிபர்கள். கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸை விட்டு வந்த ஹார்னெட்ஸ் அணி அப்போது ஓக்லஹோமா சிட்டியில் தற்காலிகமாக ஆடிக்கொண்டிருந்தது. அங்கே அரங்கம் நிரம்பி வழிந்தது. ஹார்னெட்ஸ் திரும்பிப் போய்விடும் என்று தெரிந்ததும் அந்த ஊருக்கு இன்னொரு அணி தேவைப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் சரியாக அந்த நேரத்தில் சியாட்டில் அணியை எதற்காக வாங்குகிறார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: புதிய உரிமையாளர்கள் ஓராண்டு காலம் சியாட்டில் பகுதியிலேயே ஓர் அரங்கம் கிடைக்க நல்லெண்ணத்தோடு முயல வேண்டும். அந்த ஒரு வரியைக் காட்டி ஷுல்ட்ஸ் தன் கைகளைக் கழுவிக்கொண்டார்.

பென்னட் முயன்றார். அதாவது, முயன்றதற்கான காகிதங்கள் இருக்கின்றன. 2007 தொடக்கத்தில் புறநகரான ரென்டனில் 50 கோடி டாலரில் ஓர் அரங்கம் என்றார். அதில் பெரும்பகுதி வரிப்பணம். 22 கோடியையே தராத சட்டமன்றத்திடம் இருமடங்குக்கும் மேலான திட்டத்தைக் கொண்டுபோவது நல்லெண்ணமா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. அந்த ஏப்ரலிலேயே அவருடைய கூட்டாளி ஒருவர், அடுத்த சீசனுக்கே ஓக்லஹோமாவுக்குப் போக வழியுண்டா, இல்லை சியாட்டிலில் இன்னோர் ஆண்டு வீணாகக் கழிய வேண்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். தான் வெறிபிடித்தவன்போல் அதற்கென்று உழைப்பதாக பென்னட் பதில் எழுதியிருந்தார். ஓராண்டு கழித்து அது நீதிமன்றத்தில் வெளியானபோது, சியாட்டிலில் அரங்கம் கட்டுவதற்கான வெறியைத்தான் குறிப்பிட்டேன் என்று விளக்கம் தந்தார். நம்புகிறவர்கள் நம்பலாம். இன்னொரு கூட்டாளியான ஆப்ரி மெக்லெண்டன் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. அணியைச் சியாட்டிலில் வைத்துக்கொள்வதற்காக வாங்கவில்லை, இங்கே கொண்டுவரும் நம்பிக்கையில்தான் வாங்கினோம் என்று 2007 ஆகஸ்டில் ஓக்லஹோமாப் பத்திரிகையிடம் சொன்னார். என்பிஏ அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்த ஆண்டில் இந்த விவகாரத்தில் உண்மை பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கத் தொழில்முறை லீகுகளில் கடைசி இடத்துக்கு வருகிறவர்களுக்குத் தண்டனை கிடையாது. ஐரோப்பியக் கால்பந்தைப்போல் கீழ்நிலை லீகுக்குத் தள்ளமாட்டார்கள். உண்மையில் பரிசு உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. அந்த முன்வரிசைக்குள் யார் முதல் என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பார்கள், அதிலும் அதிகம் தோற்றவர்களுக்கே அதிக வாய்ப்பு. பலவீனமான அணி மேலே வருவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் சுமாராகத் தோற்பதைவிட மிக மோசமாகத் தோற்பதே புத்திசாலித்தனம் என்ற நிலையையும் அதுதான் உண்டாக்கியது.

2006-07-இல் சானிக்ஸ் 31 ஆட்டங்களை வென்றிருந்தது. குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்து இரண்டாவது இடம் கிடைத்தது. முதலிடம் பெற்ற போர்ட்லாந்து, கிரெக் ஓடன் என்ற உயரமான இளைஞரைத் தேர்ந்தெடுத்தது; அவர் முழங்கால் காயத்தால் அந்தச் சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சியாட்டிலுக்குக் கிடைத்தவர் கெவின் டுராண்ட். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடியவர், பதினெட்டு வயது, நீளமான கைகள், ஒல்லியான உடம்பு, யார் தலைக்கு மேலாகவும் பந்தை எறியக்கூடிய திறமை.

அதே 2007 ஜூன் இரவில் ரே ஆலனைப் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சில நாட்களில் ரஷார்ட் லூயிஸ் ஆர்லாண்டோவுக்குப் போனார். முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆலன் 26, லூயிஸ் 22 புள்ளிகள் எடுத்தவர்கள். இருவரும் ஆடிய ஆட்டங்களில் அணி எடுத்த புள்ளிகளில் ஏறத்தாழ பாதி ஒரே கோடையில் வெளியேறியது. ஆலன் அடுத்த ஆண்டே பாஸ்டனில் சாம்பியன். லூயிஸ் அதற்கு அடுத்த ஆண்டு இறுதித் தொடரில் ஆடினார்.

இந்த வேலைகளைச் செய்தவர் சாம் பிரெஸ்டி, புதிதாக வந்த முப்பது வயதுப் பொது மேலாளர். அவர் செய்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. ஆலனுக்கு முப்பத்திரண்டு வயது ஆகப்போகிறது. அவருக்குப் பதிலாக ஜெஃப் கிரீன் என்ற இளைஞர் வந்தார். லூயிஸுக்கு ஆர்லாண்டோ கொடுத்தது பத்துக் கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தம். அதைச் சமன்செய்வது முட்டாள்தனம். லீக் விதிக்கும் சம்பள வரம்பில் லூயிஸ் போனதால் கிடைத்த இடத்தைப் பயன்படுத்தி, செலவைக் குறைக்கத் தவித்த பீனிக்ஸிடமிருந்து கர்ட் தாமஸை வாங்கினார். அவரை எடுத்துக்கொண்டதற்காக பீனிக்ஸ் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தது. சீசனின் நடுவில் அதே தாமஸை சான் அன்டோனியோவுக்கு அனுப்பி இன்னோர் உரிமையைப் பெற்றார். ஒரு பழைய ஆட்டக்காரரை ஏழு மாதம் வைத்திருந்து மூன்று உரிமைகள். கணக்குப் பிள்ளையின் கண்ணோடு பார்த்தால் கைதட்டத் தோன்றும்.

ஆனால் அந்த உரிமைகள் எல்லாம் எதிர்காலத்துக்கானவை. எதிர்காலம் எந்த ஊரில் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேறு எந்த ஊரிலும் ‘இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள், பலன் வரும்’ என்று ரசிகர்களிடம் சொல்லலாம். சியாட்டிலில் பொறுமையை ஒரு நகரம் செலுத்த, பலனை இன்னொரு நகரம் அறுவடை செய்வதாக ஏற்பாடு. வேண்டுமென்றே தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. டுராண்டோ கிரீனோ நிக் காலிசனோ அப்படி ஆடக்கூடியவர்கள் இல்லை. ஜெயித்தாக வேண்டிய அவசரம் அவர்களுக்கு மேலே இருந்த ஒருவருக்கும் இல்லை, அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் 2007 அக்டோபர் 31, டென்வரில், தோல்வி. மறுநாள் சொந்த அரங்கில் பீனிக்ஸோடு, தோல்வி. அதற்கு அடுத்த நாள், நவம்பர் 2, பென்னட் அணியை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோகும் முடிவை என்பிஏவுக்குத் தெரிவித்துவிட்டதாக அறிவித்தார். நல்லெண்ண முயற்சிக்கான கெடு முடிந்தது அக்டோபர் 31. இரண்டு நாள் காத்திருந்தார், பாவம். சீசனின் மீதி எண்பது ஆட்டங்களும் அந்த அறிவிப்பின் நிழலில் நடந்தன.

தொடர்ந்து எட்டுத் தோல்விகள். முதல் வெற்றி மயாமியில் வந்தது. இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் இரண்டாவது கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் டுராண்ட் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து ஆட்டத்தை வென்றார். பத்தொன்பது வயது. பயிற்சியாளர் கார்லெசிமோ அவரை ‘கார்டு’ என்ற ஆட்ட இடத்தில் ஆடவைத்தார். அது அவர் இயல்புக்கு ஏற்ற இடமில்லை என்று அன்றைக்கே பலர் முணுமுணுத்தார்கள். தூரத்திலிருந்து எறிந்ததில் பத்துக்கு ஏழு உள்ளே போகவில்லை. ஆனாலும் சீசன் முடிவில் ஆட்டத்துக்குச் சராசரி 20.3 புள்ளிகள், ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது. சானிக்ஸ் வரலாற்றில் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள். கடைசி ஆளும் அவர்தான்.

நான் ஆட்டம் பார்க்கப் போனது இந்தப் பையனுக்காகத்தான். வேலை முடிந்து ஏரியின் மேல் மிதக்கும் பாலத்தைக் கடக்கும் 545 பஸ், பிறகு நகர மையத்திலிருந்து மோனோரெயில். டிக்கெட் மலிவு, அலுவலகத்தில் யாராவது இலவசமாகவே தந்துவிடுவார்கள். அரங்கத்தில் மேல்தட்டு பாதி காலி. அணியின் பச்சையும் மஞ்சளும் அணிந்து வந்தவர்களில் பலர் முதுகில் இருந்தது பேட்டனின் எண் 20 அல்லது கெம்ப்பின் எண் 40. டுராண்டின் 35 குறைவு. புதிய சட்டைக்குப் போகும் காசு யாருக்குப் போகும் என்று யோசித்திருப்பார்கள்.

ஒரு முறை பக்கத்து இருக்கையில் அறுபது வயதுக்காரர் ஒருவர். 1979-இலிருந்து ஆட்டம் பார்ப்பவர். டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று அந்த ஆண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீட்டில் சண்டை என்றார். வாங்கினால், அணியைப் பெயர்த்துக்கொண்டு போகிறவருக்கு வழிச்செலவு கொடுத்த மாதிரி. வாங்காவிட்டால், ‘பாருங்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு அக்கறையே இல்லை’ என்று அவருடைய வக்கீல் காலி நாற்காலிகளைக் காட்டுவார். மனைவி போக வேண்டாம் என்பாராம். இவர் வந்துவிடுவார், ஆனால் உள்ளே ஒரு பியர்கூட வாங்கமாட்டாராம். டிக்கெட்டுக்கு மேல் ஒரு காசு கூடாது என்பது அவர் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட எல்லை. அரங்கத்தின் வருகை அந்த ஆண்டு சராசரியாகப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். அந்த எண்ணுக்குள் அவரும் இருக்கிறார், வராத அவர் மனைவியும் ஒரு விதத்தில் இருக்கிறார்.

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். ஒருவன் விடியலுக்குக் காத்திருக்கிறான், இன்னொருவன் பொழுது சாய. அந்த ஆண்டு சானிக்ஸில் மேலிருந்து கீழ்வரை எல்லோரும் ஒரே பக்கமாகத் தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2008 மார்ச் 4 அன்று ஓக்லஹோமா சிட்டி மக்கள், தங்கள் அரங்கத்தைச் செப்பனிடச் சுமார் 12 கோடி டாலருக்கு விற்பனை வரி கட்டத் தாங்களே வாக்களித்தார்கள். 62 சதவீதம் ஆதரவு. சியாட்டில் மறுத்ததை அந்தச் சிறிய நகரம் மகிழ்ச்சியோடு கொடுத்தது. என்பிஏ தலைவர் டேவிட் ஸ்டெர்னுக்கு இதற்கு மேல் வேறு வாதம் தேவைப்படவில்லை. அதே மாதம், மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மர் உள்ளிட்ட உள்ளூர்ப் பணக்காரர்கள் கீ அரீனாவைப் புதுப்பிக்க 15 கோடி டாலர் தருகிறோம், மீதிப் பாதியை நகரமும் மாநிலமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முன்வந்தார்கள். சட்டமன்றம் அசையவில்லை.

இடையில் நல்ல செய்தி ஒன்றும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பென்னட் வாங்கியதில் பெண்கள் அணியான ஸ்டார்மும் அடக்கம். சியாட்டிலைச் சேர்ந்த நான்கு பெண்கள் 2008 தொடக்கத்தில் அதை ஒரு கோடி டாலருக்கு அவரிடமிருந்து வாங்கி ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டார்ம் மூன்று முறை சாம்பியன்: 2010, 2018, 2020.

ஏப்ரல் 13 சொந்த அரங்கில் கடைசி ஆட்டம், டல்லாஸோடு. அன்று கூட்டம் பதினாறாயிரத்துக்கு மேல். கேரி பேட்டனும் வந்திருந்தார். கடைசி நிமிடங்களில் பின்னாலிருந்து வந்து 99-95 என்று வென்றார்கள். சானிக்ஸைக் காப்பாற்று என்று அரங்கமே கத்த, டுராண்ட் களத்தில் நின்று இரு கைகளையும் மேலே தூக்கி, இன்னும் உரக்க என்பதுபோல் அசைத்தார். முதலாளியின் விருப்பத்துக்கு எதிரான கோஷத்துக்கு அவருடைய முதல்தரச் சொத்தே தாளம் போட்டது. மூன்று நாள் கழித்து கோல்டன் ஸ்டேட் அணியின் அரங்கில் சீசனின் கடைசி ஆட்டம். டுராண்ட் 42 புள்ளி, அணிக்கு வெற்றி. அறுபத்திரண்டு தோல்விக்குப் பிறகு கடைசி இரண்டையும் வென்று முடித்தார்கள். டிராஃப்ட் வரிசைக் கணக்கில் பார்த்தால் அதுகூட அசட்டுத்தனம்.

இரண்டு நாளில், ஏப்ரல் 18 அன்று, உரிமையாளர்கள் கூடி இடமாற்றத்துக்கு 28-2 என்று ஒப்புதல் அளித்தார்கள். எதிர்த்த இருவர் டல்லாஸின் மார்க் கியூபனும் போர்ட்லாந்தின் பால் ஆலனும். மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் சியாட்டில்காரர். ஆனால் அவர் வைத்திருந்தது பக்கத்து மாநிலத்து அணி. அதே வாரங்களில் ஷுல்ட்ஸ் திடீரென்று விழித்துக்கொண்டு, பென்னட் என்னை ஏமாற்றிவிட்டார், விற்பனையை ரத்து செய்யுங்கள் என்று வழக்குப் போட்டார். ஆகஸ்டில் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மிச்சமிருந்தது நகராட்சியின் வழக்கு. குத்தகை 2010 வரை, ஆகவே பணம் கொடுத்துக் கழற்றிக்கொள்ள முடியாது, இங்கேயே ஆட வேண்டும் என்பது அதன் வாதம். 2008 ஜூன் 16 அன்று கூட்டாட்சி நீதிபதி மார்ஷா பெக்மன் முன் விசாரணை தொடங்கியது. வெளியே பேட்டனும் இன்னொரு பழைய சானிக்ஸ் ஆட்டக்காரரான சேவியர் மெக்டேனியலும் கலந்துகொண்ட பெரிய ஆர்ப்பாட்டம். உள்ளே நடந்ததுதான் என்னை உண்மையில் திகைக்க வைத்தது.

பென்னட்டின் வக்கீல்கள், இன்னும் இரண்டு சீசன் இங்கே இருந்தால் ஆறு கோடி டாலர் நட்டம் என்றார்கள். ஊர் மக்களில் பெரும்பாலோர் அணி போனால் கவலைப்படப்போவதில்லை என்றும் சொன்னார்கள். அது எதிர்பார்த்தது. பிறகு அவர்கள் ஒரு விளக்கப்படத் தொகுப்பை வெளியே எடுத்தார்கள். அணியை மீட்கத் திட்டமிட்ட சியாட்டில் பிரமுகர்கள் 2007 இலையுதிர்காலத்தில் கூடிப் பேசியபோது காட்டப்பட்டது. அந்தக் கூட்டத்தில், நகராட்சியின் வழக்கை நடத்திய முன்னாள் செனட்டர் ஸ்லேட் கோர்ட்டனும் இருந்தார். தொகுப்பின் தலைப்பிலேயே ‘நஞ்சு கலந்த கிணறு’ என்ற சொற்கள். சாரம் இதுதான்: குத்தகையைப் பிடித்துக்கொண்டு பென்னட்டை இங்கேயே கட்டிப்போட வேண்டும், நட்டம் ஏறும், ரசிகர்கள் வெறுப்பார்கள், கடைசியில் அவரே விற்றுவிட்டு ஓடுவார். ஆக, எதிரணி மட்டும் அல்ல, நம் அணியும் அந்தச் சீசன் நாசமாவதில்தான் நம்பிக்கை வைத்திருந்தது. காலியான மேல்தட்டும் 62 தோல்விகளும் இரண்டு தரப்புக் கோப்புகளிலும் சாதகமான சான்றுகள்.

கோர்ட்டன் லேசான ஆள் இல்லை. 1970-இல் பைலட்ஸ் என்ற பேஸ்பால் அணி சியாட்டிலை ஒரே சீசனில் கைவிட்டு மில்வாக்கிக்குப் போனபோது, மாநில அரசு வழக்கறிஞராக லீகின் மீதே வழக்குத் தொடுத்து, ஊருக்கு வேறோர் அணியை வாங்கிக்கொடுத்தவர். அதே உத்தி மறுபடியும் பலிக்கும் என்று நம்பியிருக்கலாம்.

விசாரணை ஜூன் 26 அன்று முடிந்தது. அன்று மாலையே நியூயார்க்கில் டிராஃப்ட். சானிக்ஸ் நான்காவதாக ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கையும், கர்ட் தாமஸோடு பீனிக்ஸிடமிருந்து கிடைத்த உரிமையில் செர்ஜ் இபாக்காவையும் தேர்ந்தெடுத்தது. வெஸ்ட்புரூக் சானிக்ஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கைகுலுக்கினார். அந்த அணிக்காக அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. நான்கு ஆண்டில் டுராண்ட், வெஸ்ட்புரூக், இபாக்கா மூவரும் ஓக்லஹோமாவை இறுதித் தொடருக்குக் கொண்டுபோனார்கள்.

ஜூலை 2, தீர்ப்பு வரச் சில மணி நேரம் இருக்கையில் மேயர் கிரெக் நிக்கல்ஸ் சமரசம் செய்துகொண்டார். பென்னட் உடனே நாலரைக் கோடி டாலர் கட்டுவார். அரங்கத்தைப் புதுப்பிக்க 2009 முடிவதற்குள் சட்டமன்றம் பணம் ஒதுக்கியும் ஐந்து ஆண்டுக்குள் வேறு அணி வராவிட்டால் இன்னும் மூன்று கோடி. சானிக்ஸ் என்ற பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கே. சட்டமன்றம் பணம் ஒதுக்கவில்லை, அந்த மூன்று கோடியும் வரவில்லை. நிக்கல்ஸ் அடுத்த ஆண்டுத் தேர்தலின் முதல் சுற்றிலேயே தோற்றார். அதற்குப் பனிப்புயலில் சாலைகளைச் சுத்தம் செய்யாததைத்தான் பெரிய காரணமாகச் சொல்வார்கள், கூடைப்பந்து இரண்டாவது.

நீதிபதியின் தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும் என்ற விவாதம் ஊரில் பல ஆண்டுகள் நடந்தது. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. நகராட்சி வென்றிருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் அதே அரங்கில், அதே உரிமையாளரின் கீழ், அதேபோல் ஆடியிருப்பார்கள். ஓக்லஹோமாவின் முதல் சீசனில் அவர்கள் வென்றது 23.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2013-இல் பால்மரும் கிறிஸ் ஹான்சனும் சாக்ரமென்டோ கிங்ஸை வாங்கிச் சியாட்டிலுக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். அதாவது தங்களுக்கு நேர்ந்ததை இன்னோர் ஊருக்குச் செய்யத் தயாரானார்கள். உரிமையாளர்கள் 22-8 என்று மறுத்துவிட்டார்கள். சியாட்டில் ரசிகர்கள் பலர் அதற்காகவும் வருந்தினார்கள், நான் வருந்தவில்லை. 2018 அக்டோபரில் கீ அரீனாவை மூடுவதற்கு முன் ஒரு கண்காட்சி ஆட்டத்துக்கு கோல்டன் ஸ்டேட் அணியோடு வந்த டுராண்ட், கெம்ப்பின் பழைய சானிக்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்துக்குள் நுழைந்தார். அதன் பிறகு 1962-இன் அதே கூரையை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அடியில் மண்ணைத் தோண்டி, நூறு கோடி டாலரையும் தாண்டிய தனியார் பணத்தில் புதிய அரங்கம் கட்டினார்கள். 2021-இல் திறந்தது. வரிப்பணம் இல்லாமல் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று இரண்டு உரிமையாளர்களும் அடித்துச் சொன்ன அதே இடம்.

2025 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி சாம்பியன் ஆனது. சியாட்டிலிலிருந்து போன ஆட்டக்காரர் ஒருவரும் அந்த அணியில் இல்லை. ஆனால் அணியைக் கட்டியவர் இன்னமும் அதே பிரெஸ்டி. நல்ல அணி, அழகான ஆட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஏழையும் உட்கார்ந்து பார்த்தேன், ஏழிலும் இந்தியானாவுக்காகக் கத்தினேன். இந்தியானாவோடு எனக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது.